தொட்டி வாயில் உட்கார்ந்தவள்

எர்மெலிந்தா குவாந்தாய் பயந்தவள் என்பது ஊரறிந்த விஷயம். கஃபயாத்தே நகரத்திலிருந்து வடக்கே போகும் மண்சாலையில், கள்ளிச்செடிகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்தச் சிற்றூரில், அவளைத் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் பாம்புக்குப் பயப்பட மாட்டாள். மதியத்துக்கு மேல் மலையிலிருந்து இறங்கும் மணற்காற்றுக்கும், ரத்தத்துக்கும், பிரசவ வலியில் கத்தும் பெண்ணுக்கும் பயப்பட மாட்டாள். வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்தில் உதவியாள் வேலை. கட்டுப் போடுவது, ஊசி போடுவது, செத்தவரைக் குளிப்பாட்டுவது எல்லாம் கைக்குப் பழகியவை. அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒயின் தொட்டிக்கு.

மற்ற நாட்களில் அவளுக்குச் சோறு போட்டதும் அதே தொட்டிதான். எவாரிஸ்தோ கிழவரின் ஒயின் ஆலையில், பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவது அவள் வேலை. முதலில் திராட்சைத் தோட்டம். பந்தல் கொடிகளுக்குக் கீழே நடக்கவிட்டு, காலில் புதையும் மணலைப் பற்றி அவர்கள் கேட்கும் அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொல்வாள். பிறகு ஆலை. ஒரு பழைய கட்டிடத்துக்குள் வரிசையாகப் பன்னிரண்டு காரைத் தொட்டிகள், மூன்று ஆள் ஆழம். படியேறிப் போனால் தொட்டிகளின் தலைதான் நடக்கும் தளம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய், மரமூடியோடு. அடியில், முன்புறச் சுவரில், நான்கு திருகாணிகள் முடுக்கிய இரும்புக் கதவு. ஒயினை வடித்த பிறகு திராட்சைச் சக்கையை வாரி வெளியே தள்ளுவது அந்த அடிக்கதவு வழியாகத்தான்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வேறோர் ஆலையில், அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனாள். அப்பா சக்கை வார இறங்கியிருந்தார். சித்தப்பா மேலிருந்து எட்டிப் பார்த்தார், அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். இரண்டு பேரையும் சாயங்காலம் வெளியே எடுத்தார்கள். புளிக்கிற சக்கை விடும் வாயு கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனம், தொட்டியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். தலை அதற்குள் போனால் நாலைந்து மூச்சுதான். அந்தப் பள்ளத்தாக்கில் தொட்டிச் சாவு ஒற்றையாக வருவது அபூர்வம். கல்லறையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரே தேதி, ஒரே குடும்பப்பெயர், பக்கத்துப் பக்கத்துக் குழி. முதல் ஆள் தெரியாமல் இறங்குகிறான். இரண்டாவது ஆள் தெரிந்தே இறங்குகிறான்.

அவள் தம்பி லீனோவுக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்கு அப்பா முகம் நினைவில்லை, பயமும் இல்லை. வளர்ந்து, ஆறடி ஆளாகி, எவாரிஸ்தோவின் ஆலையிலேயே தொட்டி ஆளாகச் சேர்ந்தான். ஓட்டுநர் வேலை வாங்கித் தருகிறேன், ஆட்டு மந்தை வாங்கித் தருகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சக்கை வாரும் மாதத்தில் அவன் வீடு திரும்பும்வரை அவளுக்கு ஒரு வாய் இறங்காது. "எங்கக்காவுக்கு ஒயின் பாட்டிலைத் திறந்தாக்கூட ஜன்னலைத் திறக்கணும்" என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

வருகிறவர்களுக்கு லீனோ ஒரு வேடிக்கை காட்டுவான். எல்லா ஆலையிலும் உள்ள வேடிக்கைதான். தொட்டி வாயில் குனிந்து நன்றாக இழுத்து மோந்து பாருங்கள், மல்லிகை மணம் வரும் என்பான். குனிகிறவருக்கு மூக்கில் ஊசி ஏற்றியது போலச் சுரீர் என்று அடிக்கும். கண்ணீர் கொட்டப் பின்னால் பாய்வார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் இரண்டு பாட்டில் கூட வாங்குவார்கள் என்று எவாரிஸ்தோவின் மகள் மாரா கண்டுவைத்திருந்தாள். அவள்தான் இப்போது ஆலையைப் பார்த்துக்கொள்கிறாள். இது வேண்டாம் என்று எர்மெலிந்தா அவளிடம் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொன்னால் வேலை போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மார்ச் மாதத்தின் நடுவில். ஐந்தாம் தொட்டியில் சிவப்பு ஒயினை வடித்து முடித்திருந்தார்கள். காலையில் லீனோ அடிக்கதவைத் திறந்து, மின்விசிறி வைத்து, மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தான். அணையாமல் எரிந்தது, உள்ளே வாயு இல்லை. இறங்கி, மதியத்துக்குள் பாதிச் சக்கையை வாரித் தள்ளினான். நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், தரையெல்லாம் ஈ மொய்க்கிறது, கதவை மூடித் தரையைக் கழுவிவிடு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று மாரா சொன்னாள். அவன் கதவை மூடி நாலு திருகாணியையும் முடுக்கினான். மேலே ஏணியை எடுக்கவில்லை. நாளைக்கு மறுபடி இறங்கத்தானே போகிறோம் என்று நினைத்திருப்பான். மூடியையும் போடவில்லை.

உள்ளே பாதிச் சக்கை நாலு மணிநேரம் புளித்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் ஆறு பேர், ரொசாரியோ நகரத்திலிருந்து. அதில் ஹொராசியோ என்று ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அவர் மனைவி நோர்மா. ஹொராசியோ நல்ல மனிதர். தோட்டத்தில் ஒவ்வொரு கொடியையும் தொட்டுப் பார்த்து, எர்மெலிந்தாவின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். மேல்தளத்தில் ஐந்தாம் தொட்டியருகே லீனோ மல்லிகைக் கதையைச் சொன்னபோது முதலில் குனிந்ததும் அவர்தான். சுரீர் என்று அடித்ததும் தலையை வெட்டி இழுத்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்து ஓர் ஏணிப் படியில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

"தொடாதீங்க சார், கொக்கிக் கம்பு எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு லீனோ கீழே ஓடினான்.

எர்மெலிந்தா அப்போது மற்றவர்களை ஒன்பதாம் தொட்டிப் பக்கம் நடத்திப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஹொராசியோ தோள்வரை தொட்டிக்குள் இறங்கியிருந்தார்.

"சார், ஏறுங்க. ஏறி வாங்க."

"இதோ ஏணியிலதான் மாட்டிக்கிட்டுக் கிடக்கும்மா. இன்னும் ரெண்டு படிதான்."

அவள் ஓடினாள். முப்பது அடி தூரம். அவர் தலை உள்ளே போனது. பிறகு ஒரு மூட்டை சாய்கிற மாதிரி ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சக்கை மேல் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. கால் இரண்டும் முன்சுவர்ப் பக்கம், கதவுக்கு நேராக. அதை அவள் பார்த்து வைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் ஓடிப்போய்விடலாம் என்றுதான் தோன்றியது என்று பின்னால் அவளே ஒளிக்காமல் சொன்னாள்.

லீனோ கம்போடு படியேறி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். கம்பைக் கீழே போட்டான். குனிந்து செருப்பைக் கழற்றினான்.

அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை என்று எதுவும் இல்லை. தொட்டி வாயில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் உள்ளே விட்டு ஏணிப் படியில் பின்னிக்கொண்டாள். அவள் இடுப்பு அந்த வாயை அடைத்துவிட்டது.

"எந்திரிக்கா."

"மாட்டேன்."

"அக்கா, ஆள் செத்துடுவான். எந்திரி."

"என்னை உள்ளே தள்ளிட்டு நீ இறங்கு."

அவன் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அவள் எடை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவள் கால்கள் ஏணியோடு சேர்ந்து வந்தன. நோர்மா அலறிக்கொண்டு வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஏறிவந்த காற்று கெண்டைக்காலில் பட்டது. கால்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் கால்கள் நடுங்கி ஏணி கடகடவென்று ஆடியது. கண்ணும் மூக்கும் எரிந்தன. முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பேசினாள்.

"அவர் கால் கதவுகிட்ட கிடக்கு. அடிக்கதவைத் திற. திறந்தா வாயு கீழே ஓடிடும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காலைப் பிடிச்சு இழு. போடா லீனோ."

அவன் நின்றான். அவள் அந்த நிற்பை வாழ்நாளில் மறக்கவில்லை. பிறகு வெறுங்காலோடு படியில் ஓடினான்.

அதற்குப் பிறகு அவளால் செய்யக்கூடியது உட்கார்ந்திருப்பது மட்டும்தான். அவன் மனம் மாறித் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எழுந்திருக்கவும் பயம். எழுந்திருக்காமல் இருக்கவும் பயம். கீழே ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், நான் அவர் தலைக்கு மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நோர்மா முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். அது வலித்ததாக நினைவில்லை. திருகாணி ஒவ்வொன்றும் கழல்கிற சத்தம் காதில் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மாட்டிக்கொண்டது. லீனோ சுத்தியலால் அடித்தான். அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். நாலாவது.

சக்கை சரிந்து கொட்டுகிற சத்தம் கேட்டதும் அவள் காலை உருவிக்கொண்டு எழுந்து படியிறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியாது.

லீனோ ஹொராசியோவைக் கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அங்கேயே நிற்காதே, தரையிலும் வாயு ஓடுகிறது, முற்றத்துக்குக் கொண்டுபோ என்றாள். காற்றடிக்கிற இடத்தில் கிடத்தினார்கள். முகம் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. மூச்சு இல்லை. கழுத்தில் விரலை வைத்தால் நாடி நூல் போல ஓடியது. வாய்க்குள் இருந்த திராட்சைத் தோலை விரலால் வழித்து எறிந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். மார்பு எழும்புகிறதா என்று பார்த்து, மறுபடி ஊதினாள். மாரா வாசலில் நின்று அழுதாள். போய் ஆம்புலன்ஸுக்குச் சொல், அப்புறம் அழலாம் என்று எர்மெலிந்தா நடுவில் ஒருமுறை நிமிர்ந்து சொன்னாள். எத்தனை முறை ஊதினாள் என்று எண்ணவில்லை. அவர் இருமி, அவள் மடியிலேயே வாந்தி எடுத்தார். அதைவிட நல்ல வாந்தியை அவள் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. ஹொராசியோ பிழைத்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் மனைவி பெயரைச் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சொன்னார். நோர்மா நன்றி சொல்லவில்லை. என் புருஷன் உள்ளே கிடக்கும்போது ஒரு பெண்பிள்ளை ஓட்டையில் உட்கார்ந்துகொண்டு தூக்க வந்தவனைத் தடுத்தாள் என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அது பொய்யும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அதை அப்படியே நம்பினார்கள். மாரா ஒரு வாரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு விட்டாள். மல்லிகை வேடிக்கை நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லீனோ ஒன்பது நாள் அக்காவிடம் பேசவில்லை. பத்தாம் நாள் காலை, அவள் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது வந்து, வாசற்படி ஏறாமல் முற்றத்திலேயே நின்றான். அவள் மாத்தே தேநீர் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

"அந்த ஆள் செத்திருந்தா?" என்றான்.

"செத்திருப்பார்."

"உன்னால அதைத் தாங்கியிருக்க முடியுமா?"

"முடியாது. ஆனா நீ இருந்திருப்ப."

அவன் கையில் தேநீர் ஆறிவிட்டது. திங்கட்கிழமை எட்டாம் தொட்டியை வாரணும் என்றான். மேலே யார் நிற்பது என்று அவள் கேட்டாள். மாரா ஒரு ஆளைத் தருவதாகச் சொன்னாள், நான் வேண்டாமென்றேன், நீ வந்து நில் என்றான். நான் போய் எப்படி அங்கே நிற்பேன், எனக்கு இன்னும் அந்த வாசனை வந்தாலே கால் ஆடுகிறது என்றாள்.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்" என்றான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் அங்கே இருந்தாள். அடிக்கதவு திறந்திருக்கிறதா என்று மூன்று முறை இறங்கிப்போய்ப் பார்த்தாள். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் முடிச்சைத் தானே இழுத்துப் பார்த்தாள். மறுமுனையைத் தூணில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். லீனோ உள்ளே இருந்த இரண்டு மணி நேரமும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னான். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.