ஏழாம் நம்பர் சட்டை

அவளை எல்லோரும் விளையாட்டு டீச்சர் என்றார்கள். ஓடவும் தாண்டவும் சொல்லித் தருகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும், முட்டி இரண்டும் தகராறு பண்ணும். ஒரு பழைய வாடகை வீட்டில் நடந்த மழலையர் பள்ளியில், மாடிப்படியை ஒட்டிய கடைசி அறையில், ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எதையும் விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்தாள், அதனால் வந்த பெயர். முதலில் பெற்றோர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். பிறகு அதே பெயரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்கள்.

அந்தப் பள்ளிக்கு அவள் வந்ததே ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போன இடத்தில் தற்காலிகமாகத்தான். அந்தப் பிரசவத்தில் பிறந்த பிள்ளைக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. இவள் பள்ளியை விட்டுப் போகவில்லை. போகச் சொல்ல யாருக்கும் தோன்றவுமில்லை, ஏனென்றால் பள்ளியை ஆரம்பித்த பெரியவர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பார்க்க வருகிறவர்களையெல்லாம் முதலில் அந்தக் கடைசி அறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

பார்க்கவும் வேண்டியதுதான். நாற்காலியெல்லாம் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். கறுப்புத் தரையில் ஈரத்துணியால் பெரிது பெரிதாக எழுத்து வரைவாள். அது காய்ந்து மறைவதற்குள் அதன் மேல் நடந்து முடிக்க வேண்டும். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 'ப'வைத் தேடுங்கள் என்றால் வாளியைக் காட்டுவார்கள், மூடி இல்லாத டப்பாவைக் காட்டுவார்கள். 'ட' எங்கே என்று கேட்ட ஒரு நாள், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆயாவையே ஒருவன் காட்டிவிட்டான். ஆயா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

எண்ணுக்குச் சட்டை. அவள் புருஷன் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தார். கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற நீலத் துணியில் மிச்சம் விழுந்ததை எடுத்து, கையில்லாத சின்னச் சட்டைகள் பத்துத் தைத்துக் கொடுத்தார். முன்னாலும் பின்னாலும் மஞ்சள் துணியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண். சட்டையைப் போட்டுக்கொண்டால் பிள்ளைதான் எண். மூன்றும் நாலும் கை கோத்துக்கொண்டு "யார் வர்றது?" என்று கத்தினால் ஏழு ஓடி வரும். பத்து கோபித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தால் நாலும் ஆறும் வரும், அல்லது ஒன்றும் ஒன்பதும் வரும். கூட்டல் கழித்தல் என்ற வார்த்தையே தெரியாமல் அந்தப் பிள்ளைகள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டைக்கு ஒரு விதி இருந்தது. வாரம் ஒரு முறை சட்டை ஆள் மாற வேண்டும். இந்த வாரம் மூன்றாக இருப்பவன் அடுத்த வாரம் ஒன்பது. அப்போதுதான் எண் வேறு, ஆள் வேறு என்பது பிள்ளை மனதில் ஏறும். விதியைப் போட்டவள் டீச்சர்தான். உடைத்தவளும் அவள்தான்.

ஒரு பெண் குழந்தைக்காக உடைத்தாள். அது சேர்ந்து எத்தனையோ நாளாகியும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. "வீட்ல நல்லாப் பேசுவா டீச்சர்" என்று அம்மாக்காரி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பறப்பாள். அந்தக் குழந்தைக்கு ஒரு வாரம் ஏழாம் நம்பர் சட்டை வந்தது. மூன்றும் நாலும் கை கோத்துக் கத்தியதும் அது நின்றது, யோசித்தது, திடீரென்று ஓடிப்போய் நடுவில் நின்று, "ஏழு வந்துடுச்சு!" என்று கூவியது. ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் சட்டையைக் கழற்றியதும் குழந்தை மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டது. டீச்சர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, திருப்பி மாட்டிவிட்டாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவளுக்கு மட்டும் ஏன் என்று ஒன்பது பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, சரி, அவரவர் சட்டை அவரவருக்கே என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எண் என்றால் ஆள், ஆள் என்றால் எண். ஐந்து என்றால் மூக்கு ஒழுகுகிறவன். எட்டு என்றால் கடிக்கிறவள். ஏழு என்றால் டீச்சரின் செல்லம். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகளே தெரிந்துகொண்டார்கள்.

பெரியவர் படுக்கையில் விழுந்தார். பள்ளி அவர் மகன் கைக்கு வந்தது. சின்னவர் என்று கூப்பிடுவார்கள். அவரும் ஒரு காலத்தில் இதே அறையில் ஈரத்தரையில் நடந்து எழுத்துப் படித்தவர்தான். அதை மறந்துவிட்டிருந்தாலாவது பரவாயில்லை. பேச்சுக்குப் பேச்சு அதைச் சொல்லிக்கொண்டே காரியத்தை முடிக்கிற மனிதர் அவர்.

அந்தச் சமயம் பார்த்து மருந்துக்கடை அம்மா வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, அதை வைத்துப் பேசினாள்.

"உங்ககிட்டதான் இவ வாயே திறந்தா, இல்லேன்னு சொல்லல டீச்சர். ஆனா அந்தப் பிள்ளை நூறு வரைக்கும் எழுதுது. இவகிட்ட ஏழு எழுதுன்னா, நான்தாம்மா ஏழுன்னு சொல்லிட்டு நிக்கிறா. நான் என்ன பண்ணட்டும்?"

அடுத்த நாளிலிருந்து குழந்தை வரவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது. ஏழு எப்ப வரும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வந்துடுவா என்றாள் டீச்சர். அதைப் பிள்ளைகள் நம்பியதில் தப்பில்லை, அவளும் நம்பினாளே, அதுதான் கூத்து. வரிசையாக எண்ணும்போது ஆறு சொன்னதும் எல்லோரும் ஒரு மூச்சு நிறுத்தி ஆணியைப் பார்த்துவிட்டு, எட்டு என்பார்கள். டீச்சருக்கு அது மனதைப் பிசைந்தது. ஆனால் அவள் அதைத் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது.

காலி இடத்துக்குப் புதிதாக ஒரு குட்டிப்பெண் சேர்ந்தாள். வந்த அன்றே ஆணியைக் காட்டி அந்தச் சட்டை வேண்டும் என்றாள். டீச்சர் கொடுக்கவில்லை. நீ சட்டை இல்லாமலே பெரிய ஆள், நீதான் கண்டக்டர் என்று ஒரு விசிலைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாள். குட்டிப்பெண் வேறு என்ன செய்வாள்? மற்றவர்கள் மூச்சு நிறுத்துகிற இடத்தில் விசில் ஊதப் பழகிக்கொண்டாள்.

சின்னவர் கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோர் ஒரு மாதிரி பேசிக்கொள்கிறார்கள், வருகிற சனிக்கிழமை எல்லோரும் வருவார்கள், பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று காட்டிவிடுங்கள், அவர்களுக்குத் திருப்தி என்றால் வகுப்பு உங்கள் இஷ்டம். இல்லையென்றால் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்கிவிடலாம், வகுப்புக்கு வேறு டீச்சரைப் போடலாம். இவ்வளவையும் நாற்காலி நகர்த்திப் போட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார்.

தையல்கடைக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தச் சட்டையைப் புதுப் பொண்ணுக்கு மாட்டி விடு. வெறும் துணிதானே."

"அவ திரும்பி வந்தா எதைப் போட்டுப்பா?"

"இன்னொண்ணு தச்சுத் தரேன். இல்ல, நாளைக்கே எல்லாச் சட்டையையும் மாத்திப் போடு. நீ போட்ட விதிதானே அது."

"உங்களுக்குப் புரியாதுங்க."

அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆயாவுக்கும் புரிந்தது, அவளும் இதையேதான் சொன்னாள், டீச்சரம்மா, பொழப்பப் பாருங்க என்று. டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போய், இருமல் மருந்துக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டாள். அம்மாக்காரி மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "பார்ப்போம் டீச்சர்" என்றாள். பார்ப்போம் என்றால் மாட்டோம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் பெற்றோரிடம் தானே அதைச் சொன்ன டீச்சருக்குத் தெரியாதா? தெரியாதது மாதிரி இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. சுவரோர நாற்காலிகளில் பெற்றோர் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் நாற்காலி என்பதால் முட்டி எல்லாம் மோவாய் வரைக்கும் வந்தது. அவர்கள் முகம் அதற்கே பாதி கடுத்துவிட்டது. சின்னவர் கதவோரம் நின்றார். டீச்சர் ஏழாம் நம்பர் சட்டையைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தாள். கண் வாசலிலேயே இருந்தது. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் திரும்பினாள்.

எழுத்து நன்றாகத்தான் போயிற்று. ஈரத் தரையில் பிள்ளைகள் நடந்தார்கள், ஒருவருடைய கைப்பையில் 'ப'வைக் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எண்ணச் சொன்னாள். நாலு, ஐந்து, ஆறு என்று வந்து, எல்லோரும் மூச்சு நிறுத்தி ஆணியைப் பார்க்க, குட்டிப்பெண் பலம் கொண்ட மட்டும் விசிலை ஊதினாள். எட்டு என்றார்கள்.

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அப்பா சிரிக்கவில்லை. அவர் நாலாம் நம்பர் பையனின் அப்பா. பையனைப் பக்கத்தில் இழுத்து, மூணும் நாலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். பையன் பளிச்சென்று பதில் சொன்னான்.

"யாரும் வர மாட்டாங்க."

"என்னடா சொல்ற? அஞ்சும் ரெண்டும்?"

"அதுக்கும் யாரும் வர மாட்டாங்கப்பா. அவ ஸ்கூல் மாறிட்டா."

அவன் சொன்னது அந்த அறையின் கணக்குப்படி அத்தனையும் சரி. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவள் டீச்சர்தான். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அப்பா எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "விளையாட்டு டீச்சர் நல்லாத்தான் விளையாடியிருக்காங்க" என்றார். சின்னவர் எல்லோரையும் தேநீர் சாப்பிட முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவர் மறுபடி நாற்காலி நகர்த்திப் போட்டார். "நானும் உங்ககிட்ட படிச்சவன்தான் டீச்சர், உங்கள வேலைய விட்டு நான் போகச் சொல்லுவேனா?" என்றார். சொல்லவில்லைதான். இரண்டு வயதுப் பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற அறையில் போட்டார். விளக்கை அணைத்துவிட்டு, யாராவது எழுந்து அழுதால் தட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அறையில் பேசக்கூட வேண்டியதில்லை.

கடைசி அறைக்கு இளம் பெண் ஒருத்தி வந்தாள். பயிற்சிப் புத்தகம், பெஞ்சு, வரிசை. பொல்லாதவள் என்று திட்டித் தீர்க்கவும் வழியில்லை, நல்ல பெண். பிள்ளைகளை அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒரே வாரத்தில் ஒன்பது பிள்ளைகளையும் ஏழு சொல்ல வைத்துவிட்டாள், பத்தாவதாக விசில்காரியையும். தூங்குகிற அறைச் சுவர் வழியாகக் கேட்கும். ஆறு, ஏழு, எட்டு என்று மூச்சு விடாமல் போவார்கள். அந்த வயிற்றெரிச்சலை டீச்சர் ஆயாவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படியும் அவள் மனதில் ஒரு மூலை அசையாமல்தான் இருந்தது. போனால் போகட்டும், ஊமை என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு பிள்ளை தன்னால் வாய் திறந்தது, அது எங்கே இருந்தாலும் தன்னை நினைத்துக்கொள்ளும், அது ஒன்று போதும் என்று இருந்தாள். ஆணியிலிருந்து எடுத்து வந்த சட்டையைத் தையல்கடை அலமாரியில் மடித்து வைத்திருந்தாள். புருஷன் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடை அம்மா பிள்ளையோடு வந்தாள். பள்ளிச் சீருடை பெரிதாக இருக்கிறதாம், பிடித்துத் தைக்க வேண்டுமாம். டீச்சரைக் கண்டதும் ஒரு நொடி தயங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு, "மிஸ்ஸுக்குக் குட் ஈவினிங் சொல்லு" என்றாள். பிள்ளை கணீரென்று சொன்னது. அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கை தானாக நீண்டது.

"என்ன ஏழு, எப்படி இருக்கே?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. "நான் ஏழு இல்ல. முப்பத்தொண்ணு."

"அங்க வருகைப் பதிவு நம்பர் டீச்சர். பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவு பேர் இருக்காங்க இல்ல" என்று அம்மாக்காரி விளக்கினாள். குரலில் பெருமைதான்.

டீச்சர் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, மூன்று பட்டனை ஒரு பக்கமும் நாலு பட்டனை ஒரு பக்கமும் தள்ளி வைத்தாள். இது தெரியாமல் பிள்ளை விழித்தால் போதும் என்று ஒரு கெட்ட ஆசை அவளுக்குள் இருந்தது; ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் வைக்கிற ஆசையா அது?

"மூணும் நாலும் கை கோத்துக்கிட்டா யார் வர்றது?"

"ஏழு" என்றது பிள்ளை, பட்டனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இது ஈஸி."

"ஏழு யாரு, சொல்லு பார்ப்போம்."

பிள்ளை இந்த முறை யோசித்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் வாயையே பார்த்தாள்.

"எங்க கிளாஸ்ல ஒரு பையன். எப்பவும் அழுதுக்கிட்டே இருப்பான்."

சொல்லிவிட்டு, போலாமா என்று அம்மாவின் கையை இழுத்தது. துணி நாளைக்குக் கிடைக்குமா என்று அம்மாக்காரி கேட்டாள். கிடைக்கும் என்றார் புருஷன். இருவரும் தெருவில் இறங்கி, விளக்குக் கம்பம் தாண்டிப் போகிற வரைக்கும் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. திரும்ப அதற்கு ஒரு காரணமும் இல்லை.

புருஷன் பட்டன்களைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டார். திரும்பிப்போய் மிஷினில் உட்கார்ந்தார். அவள்தான் பேசினாள்.

"அந்த விசில் குட்டி ஒரு நாளாவது சட்டை போட்டுப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டுச்சு தெரியுமா. நான் குடுக்கல."