கயிறும் பின் சீட்டும்

திண்டிவனம் பக்கம் ரோட்டில் காயப்போட்டிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மேல் ஸ்கூட்டரை ஏற்றி விழுந்து, தூக்கிவிட வந்த போலீஸ்காரரிடம் "கிலோ எவ்வளவு?" என்று விலை கேட்டவன் நான்.

இதற்குக் காரணம் பக்தி. ஆறு மாதம் குடிப்பதில்லை என்று திருவக்கரை அம்மன் கோயிலில் கயிறு கட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் குடியை விடுவது இப்படித்தான், கெடு வைத்து. கெடு முடியும்வரை ஒரு சொட்டு பிராந்தி தொடவில்லை. முடிந்த அன்று, விட்டதையெல்லாம் ஒரே மாலையில் பிடித்துவிட்டேன்.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். லைசென்ஸைச் சில மாதம் முடக்கி, விழுப்புரத்திலிருந்த குடிமீட்பு மையத்துக்கு வாராவாரம் போகச் சொன்னார்கள். அதெல்லாம் பெரிதில்லை. "இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன்" என்று மனைவி சொன்னதுதான் பெரிது. மையத்துக்குத் துணைக்கு வந்தாள், பஸ்ஸில், வேறு சீட்டில்.

அங்கே வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் சங்க கால ராஜாக்கள் குடித்த கள்ளிலிருந்து ஆரம்பித்தேன். விக்கிரவாண்டி லாரி டிரைவர் ஒருவர் கொட்டாவி விட்டார். "சார், ராஜா இன்னா சாப்ட்டாருன்னு நாங்க கேக்கல. நீங்க இன்னா சாப்ட்டீங்க, அத்தச் சொல்லுங்க."

சொன்னேன். கயிற்றுக் கதையையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எனக்கு ஆடி வரிக்கும் கெடு சார்," என்றார் டிரைவர். "ஆவணி பொறந்த அன்னிக்கே லாரிய மீடியன்ல ஏத்திட்டேன்."

"இங்க கெடுவே கிடையாது," என்றார் ஆலோசகர் அம்மா.

"அப்போ எதுவரைக்கும் மேடம்?" என்றேன்.

"இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும். நாளைக்கு வந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்."

கெடு இல்லாததால், அது முடிந்ததைக் கொண்டாடவும் வழியில்லாமல் போயிற்று. அப்படியே மாதங்கள் ஓடின.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும், மையத்தின் கடைசி வகுப்புக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பிய மனைவி நின்றாள். என் முகத்தருகே வந்து மோந்து பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். விழுப்புரம் போய்த் திரும்பும்வரை என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். அன்பு என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும், "எப்படி ஓட்டுனேன்?" என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு ஓட்டுன மாதிரியேதான் ஓட்டுறீங்க," என்றாள். "பாவம், இத்தினி வருஷமா பிராந்தியைத் திட்டிக்கினு இருந்தேன்."