தலையணை உறை வேகம்

அந்தத் தையல்காரியின் கால் ஓர் இடத்தில் சும்மா இருக்காது. இருபத்தாறு வருஷமாக மிஷின் பெடலை மிதித்த கால் அது. பல் டாக்டரின் நாற்காலியில்கூட ஆடும். "பல்லைப் பிடுங்கணும்னா முதல்ல யாராவது இவங்க காலைப் பிடிங்க" என்று டாக்டரே நொந்துகொண்டார்.

குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அம்மாவிடம் கற்ற நாட்டுப்புறப் பாட்டுகளை அவள் பாடுவாள். பழைய ராக் இசையில் ஊறிப்போன தம்பி அதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் டிரம்ஸ். ஒத்திகையெல்லாம் தையல் கடையில்தான். வேலையை விட்டுவிட்டுப் பாட முடியுமா? அந்த நேரத்துக்கென்றே தலையணை உறைகளை எடுத்து வைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டே தைக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து, ஆல்பம் போடுவோம் என்று துணிந்து ஸ்டூடியோவுக்குப் போனார்கள். எட்டுப் பாட்டையும் கேட்ட ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க இது, சண்டைப் பாட்டும் இதே வேகம், தாலாட்டும் இதே வேகமா? இந்தத் தாலாட்டைக் கேட்டா தூங்குற குழந்தையும் எழுந்து ஓடிடும்."

மூவருக்கும் அப்போதுதான் புரிந்தது. எட்டுப் பாட்டும் தலையணை உறை தைக்கிற வேகத்தில்! இத்தனை நாளும் ஒருத்தர் காதிலாவது பட்டதா, பாருங்கள்.

ஒலிப்பதிவாளர் தாளம் காட்டும் டிக் டிக் சத்தத்தை ஹெட்போனில் விட்டுப் பாடச் சொன்னார். கால் கேட்டால்தானே? கடைசியில் அவர் தம்பியைத் தன் கண்ணாடி அறைக்குள் தனியே கூப்பிட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"மதியத்துக்குள்ள சரியாகலேன்னா வேற பொண்ணைப் பாட வைப்போம்."

தம்பி வாயே திறக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அம்மாவின் பாட்டை எவளோ பாடுவதா? வெளியே வந்து வராந்தாவில் மேலும் கீழும் நடந்தாள்.

நேரம் காலம் தெரியாத மெக்கானிக் பின்னாலேயே வந்தான். "அக்கா, தைக்கக் குடுத்த என் ஜீன்ஸ் என்னாச்சு?"

"அது ஒண்ணுதான் குறைச்சல்! கெட்டித் துணி, மெதுவா மிதிக்கணும்டா, இல்லேன்னா ஊசி உடைஞ்சிடும்…" என்றவள் அப்படியே நின்றாள். அடுத்த நொடி உள்ளே ஓடினாள்.

"தம்பி, தாலாட்டு ஜீன்ஸ்! சண்டைப் பாட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குதுன்னா இன்னைக்குத் தைக்கிற யூனிபார்ம். பறக்கணும்!"

தட்டுகிற சத்தம் மைக்கில் விழாதபடி காலுக்கடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் மனசுக்குள் ஒரு துணியை விரித்தாள். திரைச்சீலைக்கு ஒரு நடை, பட்டுக்கு ஒரு நடை. மதியத்துக்குள் ஏழு பாட்டு முடிந்தது. வேறு பெண் என்ற பேச்சே எழவில்லை.

மிச்சம் ஒரு பாட்டு. லாரி விபத்தில் போய்விட்ட கணவருக்காக அவளே கட்டியது.

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான். "இதுக்கு என்ன துணிக்கா?"

"அவரோட சட்டை. கிளம்புற அன்னைக்கு, பட்டன் அறுந்திருக்குன்னு கழட்டிக் குடுத்தார். அப்புறம் தைக்கிறேன்னு சொல்லிட்டேன். இன்னும் அலமாரியிலதான் இருக்கு. பட்டனுக்கு மிஷின் வேண்டாம்டா. கையாலதான் தைக்கணும்."

மெக்கானிக் குச்சிகளைக் கீழே வைத்தான். கிட்டார் மட்டும் மெல்லத் தொடங்கியது. அவள் பாடி முடிக்கும்வரை கால் ஆடவே இல்லை.

ஒலிப்பதிவாளர் மைக்கில் கேட்டார். "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமாம்மா?"

"வேண்டாங்க" என்றாள். "தைச்சாச்சு."