நில்லாமல் போன சரக்கு ரயில்

பாரிஸின் லா சப்பலில் என் வீட்டிலிருந்து மரக்கறிக் கடைக்குப் போக ரயில் பாலமொன்றைக் கடக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு அடி. கீழே ரயில் எதுவும் நின்றுகொண்டிருந்தால், அது நகரும்வரை நானும் நகர மாட்டேன். இதற்கு மருத்துவர் நாளுக்கு மூன்று மாத்திரை தருகிறார்.

சென்ற மாதம் சார்செலில் இருக்கும் பேத்தி, பள்ளிக்கூடத்தில் கேட்டார்களென்று, நான் வளர்ந்த ஊரின் வரலாற்றையும் புவியியலையும் விசாரித்தாள். இலங்கையின் தென்கரையில் ஒரு சிறிய ரயில் ஊர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவே ஒற்றைத் தண்டவாளம் என்று சொன்னேன். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஓரிடம் தேவைப்பட்டது. அதைச் சுற்றிப் பதினேழு கடைகள் முளைத்து ஊரானது. அதற்கு மேல் வரலாறு சொல்லவில்லை.

அங்கே அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நான்கு.

தமிழருக்கெதிரான கலவரம் எங்கள் ஊருக்கு ஒரு புதன்கிழமை காலை வந்தது. பகல் ரயிலில் வரும் தமிழரை இறக்குவதற்காகப் பிளாட்பாரத்தில் ஆட்கள் தடிகளோடு கூடுகிறார்கள் என்று போர்ட்டர் ஓடிவந்து சொன்னார். சிங்களவர், அப்பாவோடு ஆறு வருடம் வேலை செய்தவர். ரயில் வந்துபோக அப்பா தேவை என்பதால் அவரை இன்னும் தொடவில்லையாம். அடுத்தது எங்கள் வீடாம்.

பகல் ரயிலுக்கு முன்னால் கொழும்புக்குப் போகும் சரக்கு ரயில் ஒன்று இருந்தது. நிலையத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியடியில் அது நிற்கும். அங்கே கார்டின் கடைசிப் பெட்டியில் எங்களை ஏற்றுவதென்று அப்பாவும் போர்ட்டரும் முடிவு செய்தார்கள். ஆனால் அது பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நின்றால் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள்.

ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம்வரை போக, சாரதிக்கு ஓர் உலோகத் தட்டு கிடைக்க வேண்டும். அதுதான் அனுமதி. அதைத் தோல்பையிலிட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலுக்கு அப்பா எட்டிக் கொடுப்பார். கொடுக்க ஆளில்லாவிட்டால் ரயில் நின்றாக வேண்டும். இந்த விதி எனக்கு மனப்பாடம். வகுப்பில் அதைச் சொல்லிப் பெருமையடித்தவன்.

அப்பா வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒன்று தவறிப் பூட்டியபடி அம்மாவிடம் சொன்னார்: "றெயில் நிக்காது. பிள்ளையளின்ரை வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருங்கோ."

"நீங்கள்?" என்றார் அம்மா.

அப்பா தொப்பியைத் தேடத் தொடங்கினார்.

கொப்பரா மூட்டைகளின் பின்னால் கிடந்தோம். ரயில் ஊர்ந்தது. பலகை இடுக்கால் தடிகளும் சாரம் கட்டிய கால்களும் தெரிந்தன, முப்பத்தொன்றுவரை எண்ணினேன். அவற்றின் நடுவே அப்பா. வளையம் எஞ்சினோடு போய்விட்டிருந்தது. தூக்கிய கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. இரண்டு முழம் தள்ளி எங்கள் பெட்டி போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அப்பா ஏறேல்லை" என்றேன். அதற்குள் அம்மாவின் கை என் வாயில் இருந்தது. கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். பதினோராம் நாள் அப்பா வந்தார், இடக்கையில் கட்டோடு. எங்களை அனுப்பிய பிறகு, பகல் ரயிலுக்கு அனுமதி கொடுக்காமல் முந்திய நிலையத்திலேயே நிறுத்திவைத்தாராம். கை முறிந்தது அதனால்தான் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

தங்கை ஓடிப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். நான் தூணருகே நின்றபடி, ஏன் எங்களோடு ஏறவில்லை என்று கேட்டேன்.

"டியூட்டியிலை நிண்டனான், தம்பி" என்றார்.

எங்களைவிட அவருக்கு ரயில்தான் பெரிது என்று அங்கேயே முடிவு கட்டினேன். மாலையில் யாரோ கொடுத்த தோடம்பழம் ஒன்றை முழங்காலில் அழுத்திப் பிடித்து, ஒற்றைக் கையால் வெகுநேரம் உரித்து, எனக்கு நீட்டினார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.