அவள் மட்டும் வேண்டாம் என்று கேட்ட துஆ

அன்பான சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ்வின் அமைதி கிடைக்கட்டும். போன வருஷம் முழுவதும் நான் ஒரு இருபது வயதுப் பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த எரிச்சலுக்கு நடுவில்தான் அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவுக்குப் பதில் வந்தது. அதனால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பல்கலைக்கழகத்தில் அரபு மொழியும் பண்பாடும் படிக்கச் சேர்ந்தேன். ஐந்து வயதில் ஓதத் தொடங்கியவள் நான். குர்ஆனில் பெரும் பகுதி எனக்கு மனப்பாடம். ஆனால் நம்மில் பலரைப் போல, என் வாயில் இருப்பதன் பொருள் எனக்குத் தெரியாது. கண்ணை மூடுவதற்குள் அது விளங்க வேண்டும் என்பதுதான் ஆசை.

முதல் நாளே வினை தொடங்கிவிட்டது. யாரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க, எகிப்து நாட்டுப் பேராசிரியை ஒருவர் ஒரு பக்கத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். குர்ஆனில் இருப்பது போல உச்சரிப்புக் குறிகள் எல்லாம் போட்ட பக்கம். ஓதப்பள்ளியில் பழகியபடியே, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ராகமாக வாசித்தேன். ஒரு சொல்கூட விளங்கவில்லை. வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒருவனின் கதை அது என்று பிறகுதான் தெரிந்தது. பேராசிரியைக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. இவ்வளவு அழகாக வாசிப்பவளுக்கு விளங்காமலா இருக்கும் என்று நினைத்து, நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பில் போட்டுவிட்டார்.

எனக்கு விளங்காது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் பெண்கள் பகுதி முழுக்கச் செய்தி போய்விட்டது. "மாஷா அல்லாஹ், நேரா ரெண்டாம் வருஷமாம்!" அதற்குப் பிறகு எப்படி இறங்கிப் போவது? வகுப்பு மாறும் தவணையும் முடிந்துவிட்டது.

அந்த வகுப்பில்தான் தர்ஷினி இருந்தாள். இங்கேயே, பக்கத்து அஜின்கோர்ட்டில் பிறந்து வளர்ந்த இந்துப் பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் திருநீறு இருக்கும். அவள் அரபு வாசித்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும். தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்தெல்லாம் பல்லுக்கு நடுவிலிருந்து வரும். ஆனால் பேராசிரியை என்ன சொன்னாலும் அவளுக்கு விளங்கும். அரபில் ஒரு பகிடி விட்டால் முதலில் சிரிப்பவள் அவள்தான். நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் பிள்ளை அரபு படிக்கிறீர்?"

"சும்மா அன்ரி. ஐ ஜஸ்ட் லைக் இட்."

சும்மாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷமாக ஓதுகிற எனக்கு விளங்காதது, சும்மா வந்தவளுக்கு விளங்குகிறது. என் வீட்டு அலமாரியின் திறப்பைப் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது போல இருந்தது. இதில் அவள் என்னிடமே வந்து, "அன்ரி, உங்கட றீடிங் அமேஸிங். எனக்கும் சொல்லித் தாறீங்களா?" என்று கேட்டாள். "எனக்கு நேரமில்லைப் பிள்ளை" என்றேன். நேரம் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே ஒரு பெருமை அது. அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் சோறு போடும்போதும் அவள் கதைதான். என் கணவருக்கு அலுத்துவிட்டது.

"ஏனப்பா, அந்தப் பிள்ளை எங்கட வீட்டுக்குள்ள பூந்து களவெடுத்தவளோ?"

"ஓம், எடுத்தவள்தான்" என்றேன்.

நவம்பரில் பரீட்சை. நான் தோற்றுப்போனேன். பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாசிப்பில் முழுப் புள்ளி, மற்றதில் ஒன்றுமில்லை, இது எப்படி என்று கேட்டார். உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் கோபிக்கவில்லை. ஆனால் கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் இந்தப் படிப்பில் தொடர முடியாது என்று தெளிவாகச் சொன்னார்.

நேரே பல்கலைக்கழகத் தொழுகை அறைக்குப் போனேன். தொழுது முடித்துக் கையேந்தினேன். "யா அல்லாஹ், உன்ர வார்த்தையை எனக்கு விளங்க வை. ஆரையாவது அனுப்பு. அவள் மட்டும் வேண்டாம்." ஆம் சகோதரிகளே, படைத்தவனுக்கே நிபந்தனை போட்டேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு.

அடுத்த வகுப்பில், இனி இருவர் இருவராகச் சேர்ந்து படிக்க வேண்டும் என்று பேராசிரியை பெயர்களை வாசித்தார். எனக்குக் கிடைத்தது தர்ஷினி. துஆவை அப்படியே என் முகத்தில் திருப்பி எறிந்தது போல இருந்தது.

நூலகத்தில் எதிரெதிரே இருந்தோம். பாடத்தைப் பற்றி அவள் ஏதோ கேட்டாள். நான் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன். மறுபடி கேட்டாள். பிறகு மெதுவாக, "அன்ரி, உங்களுக்கு இது விளங்கேல்லையா?" என்றாள்.

"ஒண்டும் விளங்கேல்லை."

சிரிப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு சொல்லைத் தொட்டாள். "நீங்கள் பாடமாக்கினதில இந்த வேர்ட் எங்கயாவது வருதா?"

கண்ணை மூடினேன். வந்தது. ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில். மெல்லிய குரலில் ஓதிக் காட்டினேன்.

"அது இரவு, அன்ரி."

அடுத்த சொல். அதுவும் என்னிடம் இருந்தது. அது கடல். இன்னொன்று வாசல். இத்தனை வருஷமும் வாயில் வைத்திருந்தவை ஒவ்வொன்றாகப் பொருளாக மாறிக்கொண்டிருந்தன.

"ஓ மை கோட், அன்ரி! எல்லாச் சொல்லும் உங்களிட்ட ரெடியா இருக்கு. நான் ஒவ்வொண்டா இருந்து பாடமாக்க வேணும். ஐ ஆம் ஸோ ஜெலஸ்" என்று சிரித்தாள். நான் மூன்று மாதமாக அவளிடம் காட்டாமல் புழுங்கியதை அவள் ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை வரும்வரை அப்படியே படித்தோம். அவள் எனக்குப் பொருள் சொன்னாள். நான் அவளுக்குத் தொண்டை எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் இருமி இருமிப் பழகினாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் தனியாகத் தொழுதுகொண்டிருந்தேன். மனம் எங்கேயோ இருந்தது, வாய் பழக்கத்தில் ஓதிக்கொண்டிருந்தது. திடீரென்று, கஷ்டத்தோடு இலேசும் இருக்கிறது என்ற வசனம் விளங்கியது. யாரும் பொருள் சொல்லவில்லை. ஓதுவது நான், ஆறுதல் சொல்லப்படுவதும் எனக்கு. அதே வசனத்தைத் திரும்ப ஓதினேன். நாற்பது வருஷமாக அல்லாஹ்வின் முன்னால் நின்றிருக்கிறேன். என்ன சொல்லிக்கொண்டு நின்றேன் என்பது அன்றுதான் என் காதில் விழுந்தது. தாடையெல்லாம் கண்ணீர். அந்த நேரத்திலும், இதைத் தர்ஷினி எனக்கு முன்பே அறிந்திருப்பாளோ என்று ஒரு குறுகுறுப்பு. பிறகு சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தேன். என் பிள்ளைகளின் பெயருக்கு முன் அவள் பெயர் வாயில் வந்தது.

தேறிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். இப்போது மூன்றாம் ஆண்டு. தொழுகையில் இப்போது அவசரப்படுவதில்லை. விளங்காத வசனம் வந்தால் மனதில் குறித்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

சகோதரிகளே, நோயோ, குடும்பமோ, படிப்போ, உங்களுக்கு எது பாரமோ அதை அல்லாஹ்விடம் கேளுங்கள். வெட்கப்படாமல் உங்கள் பாஷையிலேயே கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அவன் கேட்டதைத் தந்தான், போட்ட நிபந்தனையைக் கணக்கில் எடுக்கவில்லை.

தர்ஷினி இன்னும் என்னைவிடக் கூடப் புள்ளிதான் வாங்குகிறாள். போன கிழமை வகுப்பில் வாசித்தாள், நான் சொல்லிக் கொடுத்த அதே தொண்டை எழுத்துகளோடு. எல்லோரும் அவளுக்குக் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நானும் கைதட்டினேன். எரிகிற வயிற்றோடேயே, "யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு இன்னும் குடு" என்று கேட்டேன்.