இன்னும் பயிற்சி தேவை

ஃபஹ்மியா மிஸ்ஸிடம் பயிற்சி எடுத்தால் இடமாற்றம் நிச்சயம் என்று புத்தளத்து ஆசிரியர்களிடையே ஒரு கதை உண்டு. சொல்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வராது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் எப்படிப் படிப்பிப்பது என்று பழக்குகிற ஆலோசகர் வேலை அவளுக்கு. களப்புக்குள் இருக்கும் ஒரு தீவுப் பாடசாலைக்கும் பன்னிரண்டு வருடமாக வள்ளத்தில் போய்வருகிறாள். அங்கே அவள் பழக்கிய மூன்று பேரும் கொஞ்சம் தேறியதுமே டவுனுக்குப் பறந்துவிட்டார்கள். கெட்டித்தனமான டீச்சரை யார்தான் விட்டுவைப்பார்கள்? தீவுப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவளுக்கு இது பழைய புண். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்தில் வந்து இறங்கினாள்; அப்போது வயது எட்டு. முகாமில் கிடுகுக் கொட்டில்தான் பாடசாலை. ஐந்தாம் வகுப்பில் வந்த டீச்சர்மார் ஒருவரும் ஒரு தவணையைத் தாண்டவில்லை. பின்னக் கணக்கைத் தானே தட்டுத்தடுமாறிப் படித்தாள். போனவர்களை அவள் இன்றுவரை மன்னித்ததில்லை.

தீவுக்கு நாலாவதாக வந்தவள் நிஃப்லா. கரையில் மட்டி ஓடு பொறுக்கிவந்து அதை வைத்தே பின்னம் படிப்பித்தாள். பன்னிரண்டு ஓடுகளை மூன்று குவியலாக்கி, "மூண்டில் ஒண்டு யாருக்கு வேணும்?" என்று கேட்டால் வகுப்பே எழும்பி நின்று கத்தும். பின் வாங்கில் இருந்து பார்த்த ஃபஹ்மியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையும் கொண்டுபோய்விடுவார்களே என்றுதான் அடுத்த நிமிடம் நினைத்தாள்.

நிஃப்லாவின் வீடு புத்தளத்தில். இரண்டு வயது மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் கிழமை நாட்களில் தீவிலேயே தங்கினாள். போன வருடம் வீட்டுக்குக் கிட்டவே ஒரு பாடசாலையில் வெற்றிடம் வந்தது. விண்ணப்பத்தோடு ஆலோசகரின் மதிப்பீடும் போகவேண்டும். ஃபஹ்மியா பேனையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். 'கணிதம் கற்பிப்பதில் இன்னும் பயிற்சி தேவை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தாள். பாவம் என்று தெரிந்துதான் வைத்தாள். இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டட்டும், ஒரு வருடம்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். வெற்றிடம் வேறொருவருக்குப் போனது; மதிப்பீட்டின் பிரதி நிஃப்லாவுக்கு வந்தது.

ஒரு தவணை முழுக்கத் தீவுப் பக்கம் போக அவளுக்கு முகமில்லை. பிறகு போனபோது வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகள் கைகட்டி இருந்து, "பகுதி சமன் எண்டால் தொகுதியக் கூட்டு" என்று நிஃப்லா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பிள்ளையும் எழும்பி நிற்கவில்லை.

இடைவேளைக்கு மணி அடித்ததும் விறாந்தையில் கேட்டாள்: "மட்டி ஓடெல்லாம் எங்க டீச்சர்?"

"விட்டுட்டன் மிஸ். நான் விளையாட்டுக் காட்டுறன் எண்டுதானே நீங்க அப்படி எழுதினீங்க? எங்க பிழை எண்டு கன நாள் யோசிச்சன். நீங்க சும்மா எழுதுற ஆளில்லையே. இப்ப புத்தகத்தில உள்ளபடிதான் செய்றன்." பாடக்குறிப்புக் கொப்பியை நீட்டினாள். "இது சரியா மிஸ்? பிழை இரிந்தா சொல்லுங்க, திருத்துறன்."

ஃபஹ்மியா வாங்கிப் புரட்டினாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். கொப்பியில் ஒவ்வொரு பக்கமும் அழித்து அழித்து எழுதியிருந்தது.

"உங்கட பாடத்தில ஒரு பிழையும் இல்ல டீச்சர். பொய் எழுதினது நான்தான். நீங்களும் போயிடுவீங்க எண்ட பயத்தில எழுதிட்டன். என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க."

நிஃப்லா கொப்பியை வாங்கி மூடினாள். வள்ளத்துறைப் பக்கம் திரும்பினாள்.

"என்ட மகள் இப்ப தங்கச்சியத்தான் உம்மா எண்டு கூப்புடுறா மிஸ்," என்றாள்.

மணி அடித்தது. அவள் வகுப்புக்குள் போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள்.