பாலைவனத்தில் போட்ட எட்டு

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்வேன். மீதிப் பாதி ஏன் என்னிடம் வரவில்லை என்பதைச் சொல்லமாட்டேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக் கொடுக்கிற தைரியத்தில், அடுத்தவர்களை அதட்டுவதுதான் என் பிழைப்பு. நாளெல்லாம் அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது. மனைவி மிக்சியைப் போட்டால்கூட "மெதுவா, மெதுவா" என்பேன்.

அவள் பிரசவ வார்டில் நர்ஸ். மனிதர்கள் போடக்கூடிய எல்லாச் சத்தத்தையும் கேட்டுவிட்டவள். என் அதட்டல் அவள் காதுக்கு ஃபேன் ஓடுகிற மாதிரி. அவளுக்கு எப்படியோ லீவு கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: சத்தமே இல்லாத இடம். தேடிப் பிடித்து ஒரு பாலைவனத்தைச் சொன்னாள். குழந்தைகளும் நடக்கலாம், ஒரு பாறை வளைவு வரை போய்த் திரும்பலாம் என்று நெட்டில் போட்டிருந்தார்கள். குழந்தைகளே நடக்கும்போது நமக்கென்ன என்று நானும் தொப்பியை மாட்டிக்கொண்டேன்.

வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு போர்டு இருந்தது. வகுப்பில் படிக்கிற குரலில் குடும்பத்துக்குப் படித்துக் காட்டினேன். பாதை என்று தனியாக எதுவும் கிடையாது. அங்கங்கே கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கைப் பார்த்து நடக்க வேண்டும். யாரும் புதிதாகக் கல் அடுக்கக் கூடாது என்று அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்திருக்கிறது. "போர்டை முழுசா படி" என்று ஊரையே திட்டுகிறவன் பாதியிலேயே நகர்ந்துவிட்டேன்.

பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. அவர்களையும் மனைவியையும் முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் வந்தேன். வேலையில் எப்படியோ அப்படியே.

"ஓரமா வா. முன்னாடி போறவங்களுக்கு இடைவெளி விடு."

"அப்பா, இங்க நம்மள விட்டா யாருமே இல்லப்பா," என்றாள் பெரியவள்.

"யாரும் இல்லைன்னு நினைக்கறப்பதான் ஆக்சிடென்ட் நடக்கும்."

கொஞ்ச தூரத்திலேயே சின்னவன் "தூக்கு" என்று ஆரம்பித்துவிட்டான். தோளில் ஏற்றிக்கொண்டேன். என் இரண்டு காதையும் பிடித்துத் திருப்பித் திருப்பி என்னை ஓட்டிக்கொண்டு வந்தான். கிளட்சை மட்டும் சரியாக மிதிக்கவில்லை; நெஞ்சில் உதைத்தான்.

பாறை வளைவு நன்றாகத்தான் இருந்தது. அதன் நிழலில் மனைவி சாய்ந்து கண்ணை மூடினாள். அவள் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. குழந்தைகள் மண்ணை வாரி வீச ஆரம்பித்தார்கள். வேறு அப்பாவாக இருந்தால் கதை சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வளைவுக்குச் சற்று முன்னால், நாங்கள் வந்த பக்கம், பாறைகளுக்கு நடுவே கிடந்த சமதரையில் கல்லை அடுக்கி, லைசென்ஸ் டெஸ்டில் போடுகிற எட்டைப் போட்டுவிட்டேன்.

"பெருசா போடுப்பா," என்றாள் பெரியவள். போட்டேன். பாறையைச் சுற்றி, புதரைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய வரைக்கும் பெரிய எட்டு. ஏற்கெனவே அங்கே நின்ற அடுக்குகளையும் வேலை மிச்சம் என்று சேர்த்துக்கொண்டேன். பார்க்கிங் கோடு வேண்டுமே என்று ஒரு பாட்டில் தண்ணீரை மணலில் ஊற்றிக் கோடு கிழித்தேன். மணல் அதை உடனே குடித்துவிட்டது. அதனால் என்ன, இன்னொரு பாட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

குழந்தைகள் இரண்டும் வாயாலேயே இன்ஜின் ஓட்டிக்கொண்டு எட்டைச் சுற்றின. பெரியவள் ரிவர்ஸிலேயே எட்டைப் போட்டாள். சின்னவன் ஹார்ன் அடித்தபடி ஒவ்வொரு அடுக்கையும் இடித்தான். நான் நான்காவது முறையும் சலிக்காமல் அடுக்கிக் கொடுத்தேன்.

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். "வேலைய இங்கயும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது, "இப்ப நான் முன்னாடி போறேன்," என்றேன். அடுக்கிலிருந்து அடுக்காக, நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஒரு பாறையைச் சுற்றி, ஒரு புதரைச் சுற்றி, மறுபடி ஒரு பாறை. மனைவி நின்றாள்.

"இந்தப் பாறைய ஏற்கெனவே பாத்தாச்சுங்க."

"எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான்மா இருக்கும்."

"இதுல உங்க பையன் பிஸ்கட்ட ஒட்டி வெச்சிருக்கான்."

இன்னும் வேகமாக இன்னொரு சுற்றுப் போனேன். பிஸ்கட் அங்கேயேதான் இருந்தது. எட்டுப் போட்டால் எட்டுக்குள்ளேயேதான் சுற்ற முடியும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். சரி, வந்த வழியாவது எது? வரும்போது நான் வழியையே பார்க்கவில்லை. பழக்கதோஷம், எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். செல்போனில் சிக்னல் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வளைவின் நிழல்கூட எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையில் இருந்த பாட்டிலில் அடிமட்டத்தில் கொஞ்சம் தண்ணீர்.

சின்னவன் என் தோளில் சத்தமில்லாமல் கிடந்தான். "பாத்தியா, எவ்வளவு சமத்தா இருக்கான்," என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி அவனை என்னிடமிருந்து வாங்கினாள். கன்னத்தைத் தொட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

"அழுதா எனக்குப் பயமில்லங்க. வார்டுல குழந்தை பிறந்ததும் நாங்க காத்துக்கிட்டு நிக்கறதே அந்த அழுகைக்குத்தான். இவன் ஏன் அழல?"

நான் மணலில் ஊற்றிய பாட்டில் கண் முன்னால் நின்றது. அவள் பாறை ஓரத்து நிழலில் அவனைக் கிடத்தி, துப்பட்டாவை நனைத்து நெற்றியில் போட்டு, மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீரைக் கொடுத்தாள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்:

"இதுல நீங்க அடுக்கினது எது, அவங்க வெச்சது எது?"

எனக்குத் தெரியவில்லை. நானே அடுக்கிய கல், எனக்கே தெரியவில்லை.

பெரியவள்தான் சொன்னாள். "அப்பாவோடது எல்லாம் நேரா நிக்கும்மா. மத்தது கோணலா இருக்கும்."

"அப்ப நேரா நிக்கறது எல்லாத்தையும் தள்ளிவிடுங்க."

எட்டுப் போடும்போது பிளாஸ்டிக் கோனை இடித்தவர்களை எல்லாம் கண்டபடி ஏசியவன், ஓடி ஓடி ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினேன். பெரிய கல் கீழே, சின்னக் கல் மேலே என்று அளவெடுத்து வைத்த என் அழகெல்லாம் போன பிறகு, வெயிலில் வெளுத்துப் போன இரண்டு மூன்று கோணல் அடுக்குகள் மட்டும் மிஞ்சின. அவை ஒரே வரிசையாக, திரும்பும்போது நான் போகவே போகாத பக்கமாகப் போயின.

மனைவி முன்னால் நடந்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சின்னவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். யாருடைய காலையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை அதட்டவில்லை. நான் வருகிறேனா என்று மனைவியே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கண்ணா, அழுடா, காதைப் பிடித்து இழு, உதை, என்ன வேண்டுமானாலும் செய் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.

வண்டி தெரிந்ததும் ஓடினோம். ஏசியைப் போட்டு, உள்ளே வைத்திருந்த தண்ணீரை மனைவி கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குக் கொடுத்தாள். கழுத்தை, கையை, காலைத் துடைத்தாள். மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் பார்த்தான். ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அது என் சீட்டு!"

வாயைப் பிளந்தான். அப்படி ஒரு அழுகையை அந்தப் பாலைவனம் கேட்டிருக்காது. காலை உதைத்தான், தொப்பியைத் தூக்கி எறிந்தான், மூக்கு ஒழுக ஒழுகக் கத்தினான். மனைவி கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வண்டியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், குழந்தைய இப்படி அழ விடறீங்க? கொஞ்சம் சமாதானப்படுத்தக் கூடாதா?"

"அழட்டும் சார்," என்றேன்.